மலைப்பாதையில் சின்ன ஏ.எம்.டி. கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு மாருதி எஸ்-பிரெஸ்ஸோ ஏ.எம்.டி. வண்டியில் வேலைக்குப் போய் வருகிறேன். கட்டபெட்டு, அரவேணு பக்கமெல்லாம் இப்போது இந்த மாதிரி சின்ன வண்டிகள் நிறைய வந்துவிட்டன. உயரமாக, முரட்டுத் தோற்றத்தில், கிளட்ச் பெடல் இல்லாமல். வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் டீக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் என்னை நிறுத்திக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். சமவெளியில் ஓட்டுபவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. நம் மேடுகளுக்கு எல்லாமே தேவை.

இது ஆட்டோமேட்டிக்தானே? அப்புறம் ஏன் ஏ.எம்.டி.ன்னு தனியா சொல்றாங்க?

ஆட்டோமேட்டிக் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் ஏ.எம்.டி. என்றால் ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன், உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். அதே ஐந்து கியர், அதே ஒற்றைக் கிளட்ச் தட்டு. கிளட்சை விடுவிப்பதையும் கியரைத் தள்ளுவதையும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஒரு கருவி செய்கிறது. எப்போது மாற்றுவது என்பதை ஒரு சின்னக் கணினி முடிவு செய்கிறது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு நமக்காகக் கிளட்ச் மிதித்து கியர் போடுகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆள்தான், ஆனால் அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன மேடு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நாம்.

நம் நாட்டில் இந்த அமைப்பு பரவலானது 2014-இல் மாருதி செலேரியோ வந்த பிறகு. டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச் தட்டுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக எஞ்சின் பலத்தைக் கடத்தும் அமைப்பு) வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியைவிட இதன் விலையும் எடையும் குறைவு. அதனால்தான் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் இதுவே வருகிறது. மாருதி இதை ஏ.ஜி.எஸ். என்கிறது, ரெனோ ஈஸி-ஆர் என்கிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

பார்க்க ஜீப் மாதிரி இருக்கே, எஸ்டேட் ரோட்டுல போகுமா?

உயரம் உண்மையானது, ஜீப் என்பது தோற்றம் மட்டும். எஸ்-பிரெஸ்ஸோவுக்கும் மாருதி இக்னிஸுக்கும் தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் இடைவெளி, ரெனோ க்விட்டுக்கு 184, டாடா பஞ்சுக்கு 187. தேயிலைத் தோட்டத்துக்குள் நடுவில் புல் மேடு கட்டிய மண்பாதையிலும், மழைநீர் அரித்த சிமெண்ட் ரோட்டிலும் இந்த உயரம் நன்றாகக் கைகொடுக்கிறது. அடி தட்டாமல் போய்விடலாம்.

ஆனால் இவை எல்லாமே முன் சக்கர இழுவை வண்டிகள். செங்குத்தாக ஏறும்போது எடை பின்பக்கம் சாய்கிறது, முன் சக்கரத்தின் பிடிப்பு குறைகிறது. ஜூன், ஜூலை மழையில் சேறான மேட்டில் முன் சக்கரம் சும்மா சுழலும். அப்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பள்ளம்தான் ஆழமாகும். காலை எடுத்துவிட்டு, நேராகப் பின்னால் இறக்கி, உறுதியான தரையிலிருந்து மறுபடி ஏறுங்கள். சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டியிருப்பதால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று நம்பி, தோட்டத்து ஜீப் போகும் இடத்துக்கெல்லாம் போக வேண்டாம்.

ஒரு லிட்டர் எஞ்சின், மூணே சிலிண்டர். நாலு பேர் ஏறினா ஊட்டி ஏறுமா?

ஏறும், பொறுமையாக. உயரம் கூடக் கூடக் காற்று லேசாகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் பத்து சதவீத பலத்தை இழக்கிறது. மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,850, ஊட்டி 2,240. எஸ்-பிரெஸ்ஸோவின் 998 சி.சி. எஞ்சின் தரும் சுமார் 67 குதிரைத்திறன், ஊட்டி சேரிங் கிராஸ் வந்து சேரும்போது ஐம்பதை ஒட்டி வந்துவிடும். கீழே தெரியாத சோம்பல் மேலே தெரிவது இதனால்தான். எஞ்சினில் கோளாறு என்று நினைத்து ஒர்க்ஷாப்புக்கு ஓட வேண்டாம்.

வண்டியின் எடை முக்கால் டன் அளவுதான் என்பது நமக்குச் சாதகம். நாலு பேரும் சாமானும் ஏறினால் ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள். பர்லியார் தாண்டினால் ஜன்னலைத் திறந்தாலே போதும், அந்தக் காற்றுக்கு மேல் ஏ.சி. எதற்கு? முந்திச் செல்வதை மட்டும் சமவெளிக் கணக்கில் செய்யக்கூடாது. நீளமான நேர்பாதை கண்ணுக்குத் தெரிந்தால் முந்துங்கள், இல்லையென்றால் லாரிக்குப் பின்னாலேயே வாருங்கள்.

டி-யில் போட்டா போதும், மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் தானா வந்துடும்னு ஷோரூம்ல சொன்னாங்க. நிஜமா?

வந்துவிடும். ஆனால் வண்டியும் நீங்களும் களைத்துப்போவீர்கள். கல்லாறு தாண்டிச் செங்குத்து தொடங்கியதும் டி-யில், அதாவது வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும் நிலையில், ஒரு தொல்லை வரும். இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டிருக்கும், கொஞ்சம் வேகம் பிடித்ததும் மூன்றாவது போடும், மூன்றாவதில் திணறும், மறுபடி இரண்டாவதுக்கு இறங்கும். கொண்டை ஊசி வளைவுக்கு நடுவில் இந்த மாற்றம் நடந்தால் ஒரு கணம் இழுவையே இல்லாமல் போகும், பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிப்பார்.

அதற்குத்தான் எம் இருக்கிறது, கியரை நாமே தேர்ந்தெடுக்கும் மேனுவல் நிலை. ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே லீவரை எம்-க்குத் தள்ளி இரண்டாவது கியரில் வையுங்கள். கொஞ்சம் சமமாக வந்தால் மூன்று, வளைவுக்கு முன்னால் இரண்டு. வளைவு வருவதற்குள் கியரைக் குறைத்துவிட வேண்டும், வளைந்துகொண்டே குறைக்கக் கூடாது. எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடும், போடட்டும். எம்-மில் இருந்தாலும் வேகம் மிகவும் குறைந்தால் வண்டி தானே கியரைக் குறைத்துக்கொள்ளும், அதனால் எஞ்சின் அணைந்துபோகும் பயம் வேண்டாம்.

க்விட்டில் வட்டக் குமிழ், அதில் ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி மட்டும்தான், எம் கிடையாது. சமவெளிக்கு அது பரவாயில்லை. மலையிலேயே குடியிருப்பவர் வாங்குவதாக இருந்தால் எம் இருக்கும் வண்டியைத்தான் வாங்கச் சொல்வேன். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

கியர் மாறும்போதெல்லாம் தலை முன்னாடி பின்னாடி ஆடுது. வண்டியில குறையா?

குறை இல்லை, இயல்பு. மேனுவல் வண்டியில் கியர் மாற்றும்போது நாம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம், அதனால் அந்த இடைவெளி தெரிவதில்லை. இங்கே காலை அழுத்தியபடியே இருக்கும்போது இழுவை நின்று மறுபடி வருகிறது, தலை ஆடுகிறது. கியர் மாறப்போகிறது என்று எஞ்சின் சத்தத்திலேயே தெரியும். அப்போது காலை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டினால் அந்தத் தாளம் பழகிவிடும். பின் சீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கும்போது வாந்தி வராமல் இருப்பதற்கும் இதுவே வழி.

குன்னூர் பெட்போர்ட் மேட்டுல நின்னு கிளம்பும்போது பின்னாடி உருளுதே அண்ணா, பயமா இருக்கு.

எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான், பயம் நியாயமானதும்கூட. சமதரையில் பிரேக்கை விட்டதும் வண்டி மெதுவாக நகரத் தொடங்குகிறது அல்லவா, அந்த நகர்வின் பலம் நம் ஊர் மேட்டுக்குப் போதாது. பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் கால் போகும் நேரத்தில் வண்டி பின்னால் போகிறது. பின்னால் ஸ்கூட்டரில் யாராவது ஒட்டி நின்றால் அந்த அரை அடியே ஆபத்து.

வண்டியில் ஹில் ஹோல்டு இருந்தால் பிரேக்கை விட்ட பிறகும் இரண்டு விநாடி போல அதுவே பிடித்துக்கொள்ளும். 2022-க்குப் பிறகு வந்த எஸ்-பிரெஸ்ஸோ ஏ.ஜி.எஸ். வண்டிகளில் இது இருக்கிறது. அந்த இரண்டு விநாடிக்குள் தயங்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பழைய வண்டியாக இருந்தால் ஹேண்ட் பிரேக்தான் துணை. நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். கிளம்பும்போது டி-யில் வைத்து ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள். கிளட்ச் பிடித்ததும் வண்டியின் பின்பக்கம் லேசாக அமர்வது உடம்பிலேயே தெரியும். அந்த நொடியில் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது.

புதிதாக வாங்கியவர்கள் ஞாயிறு அதிகாலையில், ஆள் இல்லாத மேட்டில், இதை மட்டும் பத்துப் பதினைந்து முறை செய்து பாருங்கள். சீசன் நெரிசலில் முதல் முறையாகக் கற்றுக்கொள்ள முயலக் கூடாது.

அதான் ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சா மேட்டுலயே நிக்குதே, பிரேக் எதுக்கு?

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். டார்க் கன்வர்ட்டர் வண்டியில் நடுவில் இருப்பது எண்ணெய். அது கொஞ்சம் தாங்கும். இங்கே முதல் பதிலில் சொன்ன அந்த ஒற்றைக் கிளட்ச் தட்டு இருக்கிறது. வண்டி முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் ஆக்சிலரேட்டரில் நிற்கிறது என்றால், அந்தத் தட்டு முழுதாகப் பிடிக்காமல் தேய்ந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். அந்த உராய்வெல்லாம் சூடாக மாறுகிறது. மேனுவல் வண்டியில் அரைக் கிளட்சில் நிறுத்தினால் அப்பா திட்டுவார் இல்லையா, அதே தப்புதான் இது. பெடல் இல்லாததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

மே மாத சீசனில் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையை ஏறுவதற்கு மட்டும், கோத்தகிரி சாலையை இறங்குவதற்கு மட்டும் என்று போலீஸ் மாற்றிவிடுவார்கள். அப்போதும் ஏறும் வரிசை ஊர்ந்துதான் போகும். முன் வண்டி அரை அடி நகர்ந்ததும் நாமும் அரை அடி நகர்ந்தால் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தேயும். இரண்டு வண்டி இடைவெளி விழும்வரை பிரேக்கில் நில்லுங்கள், பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். கிளட்ச் மாற்றும் செலவு அவருடையது இல்லை.

கருகின வாசனை வருது, டேஷ்போர்டுல ஏதோ விளக்கும் எரியுது. இப்ப என்ன பண்றது?

பல் சக்கரப் படம் போட்ட விளக்கு என்றால் கியர் அமைப்பு உதவி கேட்கிறது. கூடவே கருகிய வாசனையும் வந்தால் பெரும்பாலும் கிளட்ச் சூடேறியிருக்கிறது, காரணம் மேலே சொன்னதுதான். பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டி, என்-னில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் மணி நேரமாவது ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறிய பிறகு முதல் கியரில் தயங்காமல் கிளம்புங்கள். விளக்கு அணையாவிட்டால், அல்லது எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வண்டி வேகம் பிடிக்காவிட்டால், மேலே ஏற முயலாமல் ஆளைக் கூப்பிடுங்கள். வாசனை இறக்கத்தில் வந்தால் அது கிளட்ச் இல்லை, பிரேக். அதற்கு அடுத்த பதில்.

இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு மாமா சொல்றார். விடலாமா?

மாமா கார்புரேட்டர் காலத்துக் கணக்கைச் சொல்கிறார். இன்றைய எஞ்சினில் கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் உள்ளே போவதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். ஆக மிச்சமும் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் உயிர். நியூட்ரலில் வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டும். விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் கட்டை பழுக்கச் சூடாகிறது, பிரேக் எண்ணெய் கொதிக்கத் தொடங்குகிறது, பிறகு பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையோ வண்டிகள் இப்படித்தான் கவிழ்ந்திருக்கின்றன. வெளியூர் வண்டிகளை அந்தப் பாதையில் இறங்க விடாததற்குக் காரணமும் இதுதான்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்று நம் ஊர் டிரைவர்கள் சொல்வார்கள். ஏ.எம்.டி.யில் அதைச் செய்ய எம்-மில் இரண்டாவது கியர். டி-யில் விட்டால், காலை எடுத்ததும் வண்டி வேகம் கூடுவதைப் பார்த்து அது மூன்று, நான்கு என்று ஏற்றிவிடும். எஞ்சின் பிடிப்பு போய்விடும். இரண்டாவதில் எஞ்சின் உறுமினாலும் பயப்பட வேண்டாம். வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, குறைந்ததும் முழுசாக விடுங்கள். தொடர்ந்து லேசாக மிதித்தபடியே வருவதுதான் பிரேக்கைக் கொல்கிறது. எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பதும் நம் கடமை, ஏறுபவருக்கே முன்னுரிமை.

லீவர்ல பார்க்கிங்குக்கு பி-ன்னு ஒண்ணு இல்லவே இல்லையே, மேட்டுல எப்படி நிறுத்திட்டுப் போறது?

மேனுவல் வண்டியை மேட்டில் எப்படி நிறுத்துவோமோ அப்படியே, கியரில் வைத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுங்கள். வண்டியின் முகம் மேடு பார்த்திருந்தால் டி, பள்ளம் பார்த்திருந்தால் ஆர். கியர் விழுந்ததை டேஷ்போர்டில் பார்த்த பிறகு எஞ்சினை அணையுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பிரேக்கை மிதித்து என்-னுக்குக் கொண்டுவந்தால்தான் எஞ்சின் எடுக்கும். ரொம்பச் செங்குத்தான இடமென்றால் சக்கரத்தை ஓரச் சுவர் பக்கம் திருப்பி, ஒரு கல்லும் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுப் போகாதீர்கள், இரவில் பைக்கில் வருபவர் அதில்தான் விழுவார்.

எங்க வீடு ரோட்டுக்குக் கீழ இருக்கு சார். ரிவர்ஸ்லதான் மேல ஏத்தணும். நடுவுலயே நின்னுடுது.

ஏ.எம்.டி.க்குக் கடினமான வேலை இதுதான். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப் பார்த்தால் கிளட்ச் அரைப்பிடியிலேயே இருக்கும், சீக்கிரம் சூடாகும். முன்பு சொன்ன ஹேண்ட் பிரேக் முறையே இங்கும்: ஆர் போட்டு, ஆக்சிலரேட்டர் கொடுத்து, பிடித்ததும் விடுங்கள், பிறகு காலைத் தளர்த்தாமல் ஒரே சீராக ஏறிவிடுங்கள். மேலே ஒருவர் நின்று ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தால் நடுவில் நிறுத்த வேண்டியே வராது.

முடிந்தால் இரவு வீட்டுக்கு வரும்போதே ரிவர்ஸில் இறக்கி வையுங்கள். காலையில் முன்கியரில் ஏறலாம், ரோடும் கண்ணுக்குத் தெரியும். திருப்ப இடமில்லாத, ரொம்பச் செங்குத்தான, பாசி பிடித்த சிமெண்ட் சரிவாக இருந்தால் வாங்குவதற்கு முன்பே டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கு வரச்சொல்லி அங்கேயே ஏற்றிப் பாருங்கள். ஷோரூம் வாசல் சமதரையில் ஓட்டிப் பார்ப்பதால் நமக்கு எந்தப் பயனும் இல்லை.

கதவைத் திறந்தாலே முன்னாடி இருந்து 'ங்ங்ங்'னு ஒரு சத்தம் வருதே?

கியர் போடும் கருவிக்கு வேண்டிய எண்ணெய் அழுத்தத்தைச் சின்ன பம்ப் ஒன்று ஏற்றி வைக்கிறது. டிரைவர் கதவைத் திறந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். சில விநாடியில் நின்றால் சரி. ஓட்டும்போதும் ஓயாமல் பம்ப் ஓடினால் காட்டிவிடுங்கள்.

ஜனவரி உறைபனியில பேட்டரி படுத்துடுச்சு. நாலு பேர் தள்ளினா ஸ்டார்ட் ஆகுமா?

ஆகாது. கிளட்சை இயக்கும் எண்ணெய் பம்ப் ஓடுவதே மின்சாரத்தில்தான், பேட்டரி செத்தால் அதுவும் செத்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. நான் மேலே சொன்னபடி கியரில் போட்டு நிறுத்தியிருந்தால் வண்டி அந்த கியரிலேயே பூட்டிக்கொள்ளும். லீவரை என்-னுக்குத் தள்ளினாலும் உள்ளே கியர் விலகாது. தள்ளவும் முடியாது, சும்மா இழுக்கவும் முடியாது. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு உயிர் கொடுப்பதுதான் வழி.

ஊட்டி, கேத்தி, லவ்டேல் பக்கம் இருப்பவர்கள் நல்ல ஜம்பர் கேபிள் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் டிசம்பருக்கு முன் சோதித்துவிடுங்கள். மேனுவல் வண்டிக்காரர் தள்ளிச் சமாளித்துவிடுவார், நமக்கு அந்த வசதி இல்லை. அதற்காகச் சமதரையில் நிறுத்தினாலும் கியரில் போடாமல் விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உருண்டு போன வண்டியைவிடப் பூட்டிக்கொண்ட வண்டி மேல்.

மைலேஜ் 25-ன்னு போட்டிருக்கு, எனக்கு வரலையே?

எஸ்-பிரெஸ்ஸோ ஏ.ஜி.எஸ்.ஸுக்கு லிட்டருக்கு 25.30 கிலோமீட்டர் என்பது சோதனைக்கூட எண். ஏறும்போது அதில் பாதியைப் பார்த்தால்கூட ஆச்சரியமில்லை. இறங்கும்போது ஏறக்குறைய செலவே இல்லை. ஏறி இறங்கி டேங்க் நிரப்பிக் கணக்குப் பாருங்கள், ஏற்றத்தை மட்டும் பார்த்து மனம் நோக வேண்டாம்.

பாதுகாப்புல எப்படி? முட்டினா தாங்குமா?

மறைக்க வேண்டியதில்லை. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எஸ்-பிரெஸ்ஸோ 2020-இல் பூஜ்ய நட்சத்திரமும், 2022-இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் வாங்கியது. டாடா பஞ்ச் 2021-இல் ஐந்து வாங்கியது. குடும்பத்தோடு அடிக்கடி கோவைக்கு நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால் பட்ஜெட்டை ஏற்றி, பெரிய எஞ்சினும் கனமான உடம்பும் உள்ள வண்டியைப் பாருங்கள். ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டுகிறவருக்கும் பின் சீட் பெல்ட் உட்பட எல்லா பெல்ட்டும் கட்டாயம்.

ஓடின ஏ.எம்.டி. ஒண்ணு நல்ல விலைக்கு வருது. எதைப் பார்த்து வாங்குறது?

பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் கிளட்சைப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது போய், சமதரையில் டி-யில் வைத்துப் பிரேக்கை விடுங்கள். உதறாமல் மெல்ல நகர வேண்டும். பிறகு ஒரு மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் முறையில் கிளப்புங்கள். நடுக்கம் வந்தாலும், எஞ்சின் மட்டும் கத்தினாலும் கிளட்ச் கடைசிக் கட்டம். எம்-மில் மூன்றாவது கியரில் மேடு ஏற்றி அழுத்திப் பாருங்கள், சத்தத்தோடு வேகமும் கூட வேண்டும். கடைசியாக ரிவர்ஸில் ஒரு சரிவு.

வண்டி எங்கே ஓடியது என்றும் கேளுங்கள். நம் மேட்டில் புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவர் கையில் இருந்த வண்டி, கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும், கிளட்ச் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மாற்ற வேண்டி வந்தால் அதைப் பேரத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள். புதுத் தட்டு போட்ட பிறகு கருவியை கம்ப்யூட்டரில் இணைத்து, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று அதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த கம்ப்யூட்டர் வசதி இல்லாத ஒர்க்ஷாப்பில் தட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தால் வண்டி முன்பைவிட மோசமாக உதறும். கியர் கருவியின் எண்ணெய் சின்னத் தொட்டியில் தனியாக இருக்கும், அதன் அளவையும் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள்.